புது டிவி வாங்கப் போகிறீர்களா? முதலில் கூடத்தை அளந்துவிடுங்கள்

கும்பகோணத்தில் அம்மா வீட்டு டிவியில் போன மார்கழியில் நட்டநடுவே பச்சையாக ஒரு கோடு விழுந்தது. பொங்கலுக்குள் புது டிவி வந்துவிட வேண்டும் என்று அப்பா அன்று மாலையே கடைக்குக் கிளம்பிவிட்டார். "ரெண்டு நாள் பொறுங்கப்பா" என்று நிறுத்தி வைத்தேன். அந்த இரண்டு நாளில் வீட்டுக்குள் பார்த்த வேலைதான் எங்களுக்குச் சரியான டிவியை வாங்கித் தந்தது. கடையில் ஆன நேரம் முக்கால் மணிதான்.

எந்த டிவி நல்லது என்று பலரும் என்னைக் கேட்கிறார்கள். டிவியை மட்டும் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. உங்கள் கூடம் எவ்வளவு நீளம், யார் எங்கே உட்காருவார்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, நாள் முழுக்க என்ன ஓடுகிறது, இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே வந்துவிடும். அந்த வரிசையிலேயே போவோம்.

முதல் படி: வீட்டில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்

ஒரு வாரம் கவனியுங்கள். காலையில் செய்தி, மாலை ஆறிலிருந்து பத்து வரை சீரியல், ஞாயிற்றுக்கிழமை படம், கிரிக்கெட் சீசனில் கிரிக்கெட். பல வீடுகளில் இதுதான் கணக்கு. இவை எல்லாம் எந்த வழியாக வருகின்றன என்பதையும் பாருங்கள். டிஷ்ஷா, கேபிளா, இணையமா?

இது ஏன் முக்கியம் என்றால், சாதாரண எஸ்டி சேனலின் படத்தில் 720 × 576 புள்ளிகள்தான் (பிக்சல்கள்) இருக்கும். 4கே திரையில் 3840 × 2160 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள், சரியாக இருபது மடங்கு. ஒரு புள்ளிக்கு உரிய தகவலை வைத்துக்கொண்டு டிவி இருபது புள்ளிகளை நிரப்ப வேண்டும். மீதி பத்தொன்பதும் அது ஊகித்துப் போடுவதுதான். பெரிய 4கே டிவி வாங்கி எஸ்டி சேனல் போட்டதும் "பழைய டிவியே நல்லா இருந்ததே" என்று தோன்றுவது இதனால்தான். டிவியில் கோளாறு எதுவும் இருக்காது.

எங்கள் வீட்டிலும் இதில் ஒரு பாடம் கிடைத்தது. அம்மா மாதாமாதம் ஹெச்டி சேனல்களுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். செட்டாப் பாக்ஸும் ஹெச்டி பாக்ஸ்தான். பின்னால் எட்டிப் பார்த்தால், சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று அந்தப் பழைய மூன்று வயர். மஞ்சள் வயர் வழியாக ஹெச்டி படம் வரவே வராது. பெட்டியை மாட்டிக் கொடுத்தவர் கையில் இருந்த வயரைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியிருக்கிறது. தெருமுனைக் கடையில் ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்கி வந்து, கோடு விழுந்த அந்த டிவியிலேயே மாட்டினேன். அம்மா கிட்டே வந்து நின்று பார்த்துவிட்டு, "புடவையில ஜரிகை தெரியுதுடா" என்றார்.

ஆகவே உங்கள் டிவிக்குப் பின்னாலும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மூன்று வயர் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். புது டிவி வாங்கினாலும் அந்தக் கேபிள் தேவைதான், வீணாகாது.

இரண்டாம் படி: அளவு

டிவியின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை எடுக்கும் அளவு, அகலம் அல்ல. இப்போது வரும் அகலத் திரைகளில் 43 அங்குலம் என்றால் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர், 55 அங்குலம் என்றால் 122, 65 அங்குலம் என்றால் 144. திரையைச் சுற்றியுள்ள விளிம்புக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உட்காரும் இடத்திலிருந்து டிவி வைக்கும் சுவர் வரை டேப் பிடித்து அளந்து, அந்த அடிக்கணக்கை ஏழரையால் பெருக்குங்கள். ஆறடி என்றால் 45, எட்டடி என்றால் 60. சினிமா பார்க்க வசதியான அளவு அது. செய்தியும் சீரியலுமே அதிகம் என்றால் ஒரு அளவு குறைத்துக்கொள்ளலாம். எஸ்டி சேனல்தான் ஓடப்போகிறது என்றால் கண்டிப்பாகக் குறையுங்கள். பெரிய திரையில் அந்தப் படம் இன்னும் மோசமாகத் தெரியும்.

2006ஆம் ஆண்டு தமிழக அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலம். ஒரு தெருவே அதைப் பார்த்து வளர்ந்தது. அதனால் "அவ்வளவு பெரிசு எதுக்கு" என்ற எண்ணம் பெரியவர்களுக்கு இருக்கும், அது நியாயம்தான். அதற்கு நேர்மாறாக, கடையின் பெரிய ஹாலில் 65 அங்குலம் சின்னதாகத் தெரியும். இரண்டையும் நம்ப வேண்டாம். பழைய செய்தித்தாள்களை ஒட்டி, டிவியின் அகலம், உயரத்துக்கு வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும்.

அப்பாவுக்கு 65 அங்குலத்தின் மேல்தான் ஆசை. ஊஞ்சலிலிருந்து சுவர் வரை எட்டடி, அதனால் கணக்குப்படி 60, அது 55க்கும் 65க்கும் நடுவே நின்றது. காகிதத்தை ஒட்டியதும் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "விளக்கு மாடம் மறையுது." 55 என்று முடிவானது. அன்றைக்குக் காகிதம் ஒட்டாமல் போயிருந்தால் 65 அங்குல டிவியைத் திருப்பிக் கொடுக்கத்தான் அலைந்திருப்போம்.

உயரத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராகத் திரையின் நடுப்பகுதி வர வேண்டும். சோபாவில் உட்காருபவரின் கண் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். பாயில் உட்காருபவருக்கு அதைவிட ஓர் அடி குறையும். நம் வீடுகளில் இரண்டு வகையினரும் உண்டு. யார் அதிக நேரம் பார்க்கிறாரோ அவருக்காக வையுங்கள். ஹோட்டலில் மாட்டுவது போல் கதவு உயரத்தில் மாட்டினால் கழுத்து வலிதான் மிஞ்சும்.

மூன்றாம் படி: வெளிச்சமும் திரையின் வகையும்

காலை பதினொரு மணிக்கு ஒருமுறை, மாலை நான்கு மணிக்கு ஒருமுறை டிவி வைக்கும் இடத்தைப் பாருங்கள். எதிரே ஜன்னல் உண்டா? அம்மா வீட்டில் கூடத்தை ஒட்டியே முற்றம். பகல் முழுக்க வெளிச்சம் கொட்டும். பழைய டிவியில் பகலில் படத்தைவிட முற்றத்துத் துளசி மாடம்தான் நன்றாகத் தெரியும்.

கடையில் எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி என்று அடுக்குவார்கள். முதல் மூன்றும் ஒரே குடும்பம். மூன்றிலும் முன்னால் எல்சிடி திரை, பின்னால் எல்இடி விளக்கு. க்யூஎல்இடியில் கூடுதலாக ஒரு மெல்லிய குவாண்டம் புள்ளிப் படலம் (திரைப் புள்ளிகள் அல்ல, ஒளிபட்டால் தூய வண்ணம் தரும் மிக நுண்ணிய துகள்கள்) இருக்கும், வண்ணம் அதனால் செழுமையாக வரும். இந்தப் புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்குத்தான் 2023இல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மினி எல்இடியில் பின்விளக்குகள் மிகச் சிறியவை, எண்ணிக்கையில் மிக அதிகம். இருட்டான பகுதிக்குப் பின்னால் உள்ள விளக்குகளை மட்டும் மங்கச் செய்ய முடியும் என்பதால் கறுப்பு நன்றாக இருக்கும், வெளிச்சமும் கண்ணைப் பறிக்கும்.

ஓஎல்இடி வேறு சாதி. அதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவருக்கு அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் ஒரே உருவம் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் திரையில் தங்கிவிடக்கூடும். காலையிலிருந்து இரவு வரை செய்திச் சேனல் ஓடும் வீட்டை நினைத்துப் பாருங்கள். மூலையில் அசையாத லோகோ, கீழே சிவப்புப் பட்டை. அந்த வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், பணம் இருந்தாலும்கூட.

எல்சிடி திரைகளிலும் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு பெரும் வகைகள் உண்டு. விஏ திரையில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வண்ணம் வெளுக்கும். ஐபிஎஸ் திரையில் கறுப்பு கொஞ்சம் சாம்பல் பூத்தாற்போல் இருந்தாலும், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் படம் மாறாது. இது விற்பனையாளருக்கே தெரியாமல் இருக்கலாம். ஓடும் டிவிக்கு நேராக நின்று பார்த்துவிட்டு, நன்றாக ஓரத்துக்கு நகருங்கள். முகத்தின் நிறம் வெளிறினால் அது பெரும்பாலும் விஏ. எங்கள் கூடத்தில் ஊஞ்சலில் இருவர் உட்காருவார்கள், மற்றவர்கள் தூணோரம், படியோரம் என்று சிதறி இருப்பார்கள். பகல் வெளிச்சத்தில் கறுப்பின் ஆழம் எப்படியும் தெரியாது. அதனால் ஐபிஎஸ் எடுத்தோம். தனி அறையில், நேரெதிரே ஓரிருவர் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு விஏ நல்லது.

நான்காம் படி: அட்டையில் உள்ள எண்கள்

43 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் 4கே எடுங்கள். 32க்கு 'ஹெச்டி ரெடி' அல்லது 'ஃபுல் ஹெச்டி' போதும். 8கே இப்போதைக்கு வேண்டாம், அதில் போட்டுப் பார்க்க நமக்குப் படமே இல்லை. 4கே படத்தை இணையத்தில் பார்க்க நல்ல வேகம் வேண்டும், நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு நொடிக்கு 15 மெகாபிட். அதிலும் 4கே தரம் மேல்தட்டுச் சந்தாவில் மட்டும்தான் வரும்.

ஹெச்டிஆர் என்ற எழுத்து இப்போது எல்லா அட்டையிலும் இருக்கிறது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வசதி அது. திரையின் உச்ச ஒளி எத்தனை நிட்ஸ் என்று கேளுங்கள். 300 நிட்ஸ் அளவில் இருக்கும் டிவி ஹெச்டிஆர் படத்தை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதற்குரிய பளபளப்பைக் காட்ட அதற்குத் தெம்பு இருக்காது. அந்த ஒரு எழுத்துக்காக அதிக விலை கொடுக்காதீர்கள்.

120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை, யாருக்கு? பிஎஸ்5 போன்ற கேம் பெட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு. ஹெச்டிஎம்ஐ 2.1 உள்ளதா என்றும் அவர்கள்தான் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு 60 ஹெர்ட்ஸ் தாராளம்.

ஸ்டார் ஸ்டிக்கரில் நட்சத்திரத்தோடு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதும் இருக்கும், அந்த எண்ணைப் படியுங்கள். 120 வாட் இழுக்கும் ஒரு டிவி நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக டிவியே சாப்பிட்டுவிடும்.

ஐந்தாம் படி: ஒலி, துளைகள், மென்பொருள்

மெல்லிய டிவியில் நல்ல ஒலிபெருக்கி வைக்க இடம் கிடையாது. 20 வாட், 30 வாட் என்று போட்டிருந்தாலும் ஒலி பின்பக்கமாகவோ கீழ்ப்பக்கமாகவோ போய்ச் சுவரில் மோதித்தான் திரும்பும். காது மந்தமான பெரியவர்கள் இருக்கும் வீட்டில் முதலில் வரும் குறை "பேசறது புரியல" என்பதுதான். ஆகவே ஒதுக்கிய பணம் முழுவதையும் டிவியிலேயே போட்டுவிடாமல், ஒரு சிறிய சவுண்ட்பாருக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். அதை மாட்ட ஏஆர்சி என்று எழுதிய ஹெச்டிஎம்ஐ துளை டிவியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று, பிறகு வருவதற்கு ஒன்று. குறைந்தது மூன்று ஹெச்டிஎம்ஐ வேண்டும். வைஃபை 5 கிகாஹெர்ட்ஸையும் எடுக்கக்கூடியதா என்று கேளுங்கள்.

ஸ்மார்ட் டிவி மென்பொருளில் கூகுள் டிவி, எல்ஜியின் வெப்ஓஎஸ், சாம்சங்கின் டைசன், அமேசானின் ஃபயர் டிவி என்று பல உண்டு. எல்லாமே வேலை செய்யும். நீங்கள் பார்க்க வேண்டியது, ரிமோட் பட்டனை அழுத்தினால் எத்தனை நொடியில் நகர்கிறது என்பதை மட்டும்தான். ரேம் 2 ஜிபிக்குக் குறைந்தால் ஒரு வருஷத்தில் திணறும். அப்படித் திணறினாலும் டிவியைத் தூக்கி எறிய வேண்டாம், வெளியே ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி ஹெச்டிஎம்ஐ துளையில் செருகினால் சரியாகிவிடும். திரையை அப்படி மாற்ற முடியாது. அதனால் திரைக்குப் பணம் போடுங்கள், மென்பொருளுக்கு அல்ல.

ஆறாம் படி: கடையில்

கடையில் எல்லா டிவியும் அழகாகத்தான் இருக்கும். அதற்கென்றே எடுத்த வீடியோவை, வண்ணத்தை உச்சத்தில் வைத்து ஓட்டுவார்கள். கிளி, பழம், கடல் என்று எதைப் போட்டாலும் பளிச்சென்றிருக்கும். நான் ஒரு பென்டிரைவ் கொண்டுபோனேன். அதில் மூன்று கோப்புகள்தான். தங்கை கல்யாண வீடியோவில் ஒரு துண்டு, இருட்டான காட்சி உள்ள ஒரு வீடியோ, முழு வெள்ளையாக ஒரு படம். கல்யாண வீடியோ ஏனென்றால், சொந்தக்காரர்களின் முகநிறம் நமக்குத் தெரியும். சித்தப்பா தக்காளி நிறத்தில் தெரிந்தால் அந்த டிவியில் ஏதோ சரியில்லை. வெள்ளைப் படத்தில் செத்த புள்ளிகளும் அழுக்குத் திட்டுகளும் தெரியும்.

"தம்பி, பிக்சர் மோடை ஸ்டாண்டர்டுல வைங்க, இதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க" என்று பொறுமையாகக் கேளுங்கள். பெரும்பாலும் செய்வார்கள். சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்றிக் கேளுங்கள், அதிர்கிறதா என்று. ரிமோட்டை வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்து ஒரு சேனலை மாற்றச் சொல்லுங்கள்.

விலை விஷயத்தில் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. வரிக்காக 32லேயே நிற்க வேண்டிய அவசியம் இனி இல்லை. ஆன்லைன் விலையோடு ஒப்பிடும்போது மாடல் எண்ணின் கடைசி எழுத்துவரை சரிபாருங்கள். ஒரே டிவி போலத் தெரியும், ஓர் எழுத்து மாறினால் பேனலோ (திரைப் பலகை) ஒலிபெருக்கியோ மாறியிருக்கும். வட்டியில்லாத் தவணை என்றால் பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்றும், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும் என்றும் சேர்த்தே கேளுங்கள்.

உங்கள் ஊருக்கு சர்வீஸ் ஆள் எங்கிருந்து வருவார்? பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. வாங்கும் முன்பே கம்பெனியின் சேவை எண்ணுக்கு அழைத்து உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். பேனல் போனால் அதை மாற்றும் செலவு பல சமயம் டிவி விலையையே நெருங்கும். அதனால் பேனலுக்கு எத்தனை வருஷம் வாரண்டி என்பதைத் தனியாகக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். அடிபட்டு உடைந்த திரைக்கு எந்த வாரண்டியும் வராது.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்ததும்

பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பிருந்தே போனில் வீடியோ எடுங்கள். பெட்டியின் நான்கு மூலை, சீரியல் எண், பிரிப்பது, முதல்முறை திரை எரிவது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக. உடைந்து வந்திருந்தால் அதுதான் உங்கள் சாட்சி. கடையோ கம்பெனியோ கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம்.

சுவரில் மாட்டுவது என்றால் சுவரைத் தட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்புக் காரை. டிரில் போட்டதும் செங்கல் தூளும் காரையும் மாவாகக் கொட்டியது, ஆணி பிடிக்கவே இல்லை. "அண்ணே, விட்டுடுங்க" என்று நிறுத்திவிட்டு மேஜையில் வைத்தோம். மேஜை என்றால் இன்னொன்று, பல டிவிகளின் இரு கால்கள் இரண்டு ஓரத்தில் இருக்கும். கால்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட மேஜை அகலமாக இருக்க வேண்டும்.

பிறகு அமைப்புகளுக்குள் போங்கள். ஸ்டோர் மோடில் இருந்தால் ஹோம் மோடுக்கு மாற்றுங்கள். பிக்சர் மோடைச் சினிமா அல்லது மூவி என்று வையுங்கள். முதல் நாள் மஞ்சளாகத் தெரியும், இரண்டே நாளில் கண் பழகிவிடும். அசைவை வழவழப்பாக்கும் மோஷன் வசதியைப் படம் பார்க்கும்போது அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 பிரேம்களாக எடுத்த சினிமாவை அது சீரியல் போல ஆக்கிவிடும். கிரிக்கெட்டுக்கு இருந்தால் பரவாயில்லை. செட்டாப் பாக்ஸின் அமைப்பிலும் வெளியீடு 1080 என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, டிஷ் கேபிளையும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் இறங்கும். அம்மாவுக்கு இதை இரண்டு முறை செய்துகாட்டினேன். இப்போது மேகம் கறுத்தாலே முதல் வேலையாகக் கழற்றிவிட்டுத்தான் கொடித்துணியை எடுக்கப் போகிறார்.

திரையைத் துடைக்க மெல்லிய உலர்ந்த துணி போதும், கண்ணாடிக்குத் தெளிக்கும் திரவத்தை அதில் அடிக்காதீர்கள். பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள், வெப்பத்தில் அச்சிட்ட தாள் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். பெட்டியையும் தெர்மாகோலையும் பழைய பேப்பர்காரரிடம் உடனே போட்டுவிடாமல் வாரண்டி முடியும்வரை பரணில் வையுங்கள். வீடு மாறினாலோ சர்வீஸுக்கு அனுப்ப நேர்ந்தாலோ, அந்தத் திரையைப் பத்திரமாகக் கொண்டுபோக அதைவிட நல்ல பெட்டி கிடைக்காது.